மணி யார் காதுக்கு?

ஈஜோக் கடைவரிசையில் மாடி வைத்த கடைவீடு ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே சாப்பாட்டுக் கடை. மேலே எட்டுப் பத்துப் பேர் தங்கும் தொழிலாளர் விடுதி. கல்லாவுக்குப் பின்னால் நான்கு ஸோன் தீ எச்சரிக்கைப் பேனல், அதற்கு நேர் மேலே 6 அங்குலச் சிவப்பு மணி. வயர்மேனுக்கு அந்த இடம்தான் சௌகரியம். இரண்டு முழம் வயரில் வேலை முடிந்துவிடும். வேலையை ஒப்படைக்கும் நாளில், அலாரத்தைக் கிளப்பும் பிரேக் கிளாஸை அழுத்துவார்கள். கடையே அதிரும். முதலாளிக்குத் திருப்தி. இரவு ஷிஃப்ட் முடித்து வந்து, மாடிப் பின்னறையில் கதவைச் சாத்திக் காற்றாடியைச் சுழலவிட்டுப் பகலில் தூங்குகிறாரே ஒருவர், அவர் காதில் அந்த மணி எவ்வளவு விழுகிறது என்று பார்க்க யாரும் படியேற மாட்டார்கள்.

புகை உணர்வான் எதை உணர்ந்தாலும், பேனலில் எந்த விளக்கு எரிந்தாலும், கடைசியில் ஒரு மனிதரின் காதுக்கோ கண்ணுக்கோ சேதி போய்ச் சேர்ந்தால்தான் உண்டு. அதனால் இந்த அத்தியாயத்தில் கணக்கைப் பேனலிலிருந்து தொடங்கப் போவதில்லை. கட்டிடத்திலேயே கேட்கச் சிரமமான இடத்தில் இருப்பவரிடமிருந்து தொடங்குவோம்.

இந்த வட்டாரத்துப் பெரியவர்கள் சிலர், “ஒரு மணி போதாதா?” என்பார்கள். அவர்கள் அனுபவத்தில் அது சரிதான். தோட்டத்தில் விடியுமுன், ஆட்களைக் கணக்கெடுக்கும் பெரட்டுக்குக் கூப்பிட அடித்த மணி கடைசி லயம் வரைக்கும் கேட்டது. பலகைச் சுவர், திறந்த சன்னல், வண்டிச் சத்தமே இல்லாத நேரம். கேட்காமல் என்ன செய்யும்? இன்றைய கடைவீட்டில் செங்கல் சுவர், அலுமினியச் சன்னல், குளிர்சாதனம், வாசலில் லாரி. மணியின் பலம் குறையவில்லை. வீடுதான் ஓசையை உள்ளே விடாத வீடாகிவிட்டது.

முதலில் சட்டம், சுருக்கமாக. மலேசியாவில் எந்தக் கட்டிடத்துக்கு என்ன எச்சரிக்கை முறை வேண்டும் என்பதை 1984ஆம் ஆண்டின் ஒருசீர்க் கட்டிடத் துணைச் சட்டங்களின் பத்தாவது அட்டவணை சொல்கிறது. கட்டிடத்தின் பயன்பாடு, பரப்பு, மாடி எண்ணிக்கை ஆகியவற்றைப் பொறுத்துத் தேவை மாறும். 237ஆம் விதியில் ஓர் எல்லைக்கோடு உண்டு. வண்டி நிறுத்துமிடமும் கிடங்கும் நீங்கலாக 9,290 சதுர மீட்டருக்கு மேற்பட்ட பரப்போ, 30.5 மீட்டருக்கு மேற்பட்ட உயரமோ இருந்தால் இரண்டு கட்ட எச்சரிக்கை வேண்டும்: தீ உள்ள பகுதியில் விடாமல் ஒலிக்கும் ஓசை, பக்கத்துப் பகுதியில் விட்டு விட்டு ஒலிக்கும் ஓசை. இந்நூல் பேசும் சிறிய கட்டிடங்கள் எவையும் அந்த அளவை எட்டா. நம் கட்டிடங்களில் மணிக்கு ஒரே அர்த்தம்தான்: வெளியே போ. வரைபடத்தைத் தீயணைப்புத் துறையான பொம்பாவிடமும் கோலசிலாங்கூர் நகராண்மைக் கழகத்திடமும் காட்டிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். முடித்த பிறகு மாற்றுவது இரட்டைச் செலவு.

எவ்வளவு ஓசை இருந்தால் போதும்? சட்டம் கேட்பது ஒருபுறம் இருக்கட்டும். பலரும் கைக்கொள்ளும் பிரிட்டிஷ் தர ஏடு பிஎஸ் 5839 தரும் எண்கள் நினைவில் வைக்க எளிது. பொதுவான இடங்களில் 65 டெசிபல், அல்லது அங்கே வழக்கமாக இருக்கும் இரைச்சலைவிட 5 டெசிபல் கூடுதல், இவற்றில் எது அதிகமோ அது. ஆட்கள் தூங்கும் அறையில் தலையணை மட்டத்தில் 75. மக்கள் நிற்கக்கூடிய எந்த இடத்திலும் 120-ஐத் தாண்டக் கூடாது.

இனி நம் கடைவீட்டுக் கணக்கு. 6 அங்குல மணியின் பெட்டியில் ‘1 மீட்டரில் 95 டெசிபல்’ என்று போட்டிருப்பதாகக் கொள்வோம். தடையில்லாத இடத்தில் தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் 6 டெசிபல் கழியும். 2 மீட்டரில் 89, 4 மீட்டரில் 83, 8 மீட்டரில் 77. ஆக, மாடி நடையின் முன்முனையில் ஒரு மணி மாட்டினால் 8 மீட்டர் தள்ளியுள்ள பின்னறைக் கதவின் வெளிப்பக்கம் ஏறக்குறைய 77 கிடைக்கும். நடையின் சுவர்கள் எதிரொலித்தால் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும். ஆனால் கதவு சாத்தியிருக்கிறதே! சாதாரணக் கதவு 20 டெசிபல் வரை விழுங்கிவிடும். தீத்தடுப்புக் கதவு 30 வரை. கட்டில்தலையில் மிஞ்சுவது 57. வேண்டியது 75. மாடி நடையில் மாட்டிய மணிக்கே இந்தக் கதியென்றால் கீழே கல்லாவுக்கு மேல் தொங்குவதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

இதைவிடப் பெரிய மணி வாங்கித் தீர்க்கலாம் என்று தோன்றும். தோற்றுப்போகிற வழி அது. 18 டெசிபல் பள்ளத்தைப் பெரிய மணியால் நிரப்பப் பார்த்தால், நடையில் நிற்பவர் காதைப் பொத்திக்கொண்டு பக்கத்திலிருப்பவரிடம் ஒரு வார்த்தை பேச முடியாமல் தவிப்பார். பதற்றம் கூடும். தூங்கும் அறை ஒவ்வொன்றிலும் சிறிய மின்னணு ஒலிப்பான் ஒன்றை மாட்டுவதே முறை. அடக்கமான பல ஒலிப்பான்கள், ஆளை அலறவைக்கும் ஒன்றைவிட நல்லவை. இந்த ஒரு விஷயத்தில் செலவைப் பார்க்காதீர்கள் என்றே சொல்வேன்.

மணியா, மின்னணு ஒலிப்பானா என்ற கேள்விக்கு எனக்குப் பிடிவாதமான பதில் எதுவும் கிடையாது. மணியை யாரும் விளக்காமலே புரிந்துகொள்வார்கள். வங்காளதேசத்திலிருந்து நேற்று வந்தவருக்கும் நேப்பாளத்தவருக்கும் அது மணிதான். மின்னணு ஒலிப்பான் குறைந்த மின்னோட்டத்தில் கூடுதல் ஓசை தரும், பல ஓசைகளில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். ஒரே கட்டிடத்துக்குள் இரண்டையும் கலப்பதுதான் தப்பு. முன்னால் ஒரு ஓசை, பின்னால் வேறு ஓசை என்றால் பின்னால் இருப்பவர் அது பக்கத்துக் கடையின் திருட்டு அலாரம் என்று திரும்பிப் படுத்துவிடுவார். இந்த நாட்டில் திருட்டு அலாரம் கூவாத இரவு எது?

தூங்குபவரை எழுப்புவதில் ஓசையின் அளவு மட்டுமல்லாமல் சுருதியும் சேர்ந்திருக்கிறது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டோரதி புரூக் பல ஆண்டுகள் இதை ஆராய்ந்தவர். குழந்தைகள், மது அருந்தியவர்கள், காது மந்தமானவர்கள் ஆகியோரைக் கீச்சென்ற உயர் ஓசையைவிட 520 ஹெர்ட்ஸ் அளவிலான கனத்த ஓசை நன்றாக எழுப்புகிறது என்பது அந்த ஆய்வுகளின் சாரம். அமெரிக்கத் தரமான என்எஃப்பிஏ 72, தூங்கும் அறைகளுக்கு அந்தத் தாழ்ந்த ஓசையையே கேட்கிறது. விடுதிக்கோ மாணவர் இல்லத்துக்கோ வாங்கும்போது, ஓசையைத் தேர்ந்துகொள்ளும் வசதியுள்ள ஒலிப்பானாக வாங்கி, அதிலுள்ள தாழ்ந்த ஓசையில் அமைத்துக்கொள்ளுங்கள்.

தொழிலாளர் தங்குமிடம் வைத்திருப்பவர்கள், தங்குமிடத் தரம் பற்றிய சட்டம் 446-ஐயும் அறிந்திருக்க வேண்டும். 1990இல் வந்த அந்தச் சட்டம் முதலில் தோட்டங்களையும் சுரங்கங்களையும் நினைத்து எழுதப்பட்டது. 2019ஆம் ஆண்டுத் திருத்தம் 2020 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்தபோது, ஆட்களுக்குத் தங்குமிடம் தரும் மற்றத் துறை முதலாளிகளும் அதன் வளையத்துக்குள் வந்தார்கள். பழைய கொங்சி வீட்டில் ஆட்களை அடைத்துவிட்டு, ‘இது தோட்டமில்லையே’ என்று சொல்லும் காலம் போய்விட்டது.

மணியால் ஆகாததையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். 2017 செப்டம்பர் 14 அதிகாலையில் கோலாலம்பூர், கம்போங் டத்தோ கிராமாட்டில் தாருல் குர்ஆன் இத்திஃபாக்கியா தஹ்ஃபிஸ் (குர்ஆன் மனனப்) பள்ளியின் மேல்மாடித் தங்கும் அறையில் தீப்பற்றி 23 பேர் மாண்டார்கள், பெரும்பாலோர் சிறுவர்கள். சன்னல்களில் இரும்புக் கிரில், வழியும் அடைபட்ட நிலை. விழித்தவர்களுக்கும் போக இடமில்லை. ஆகவே விடுதியில் ஒலிப்பானுக்கு இடம் குறிக்கப் போகும் நாளிலேயே கிரில் சாவி எங்கே தொங்குகிறது என்று கேளுங்கள். ‘முதலாளியிடம்’ என்று பதில் வந்தால், மணி வேலையை அப்படியே நிறுத்திவிட்டு, உள்ளிருந்து சாவி இல்லாமல் திறக்கும் தாழ்ப்பாளைப் போடச் சொல்லுங்கள். பிறகு மணிக்கு வரலாம்.

காதுக்கு எட்டாத இடங்களும் உண்டு. மரப் பட்டறையில் வட்ட ரம்பம் ஓடும்போது இரைச்சல் 95-ஐச் சாதாரணமாகத் தொடும். அறுப்பவர் காதில் அடைப்பானும் இருக்கும். இரைச்சல் 90-ஐத் தாண்டும் இடத்திலும் காதடைப்பான் போடும் இடத்திலும் மின்னும் விளக்கைச் சேர்க்க வேண்டும். செவித்திறன் இல்லாதவர் வேலை செய்யும் இடத்திலும் அப்படியே. கழிவறையை மறக்காதீர்கள்: அங்கே ஆள் தனியாக இருப்பார், கூட ஓடிவந்து தட்டிச்சொல்ல யாருமில்லை. மின்னும் விளக்கைத் தேர்ந்தெடுக்கும்போது ‘எவ்வளவு பளிச்’ என்று பார்க்காமல் எவ்வளவு பரப்பை ஒளியால் நிரப்பும் என்று பாருங்கள். ஐரோப்பியத் தரமான ஈஎன் 54-23 முத்திரையுள்ளவற்றில் மாட்டும் உயரமும் பரப்பும் குறியீட்டிலேயே இருக்கும். சுவரில் மாட்டும் வகையில் ‘2.4-6’ என்றிருந்தால், 2.4 மீட்டர் உயரத்தில் மாட்டினால் 6 மீட்டருக்கு 6 மீட்டர் அறைக்குப் போதும் என்று பொருள். ஒரே அறையில் பல விளக்குகள் ஆளுக்கொரு தாளத்தில் மின்னினால் வலிப்பு நோய் உள்ளவருக்கு ஆபத்து. ஒத்து மின்னுபவையாகக் கேட்டு வாங்குங்கள்.

கோயில் மண்டபம், கல்யாண மண்டபம் ஆகியவற்றுக்குத் தனிக் கணக்கு. திருவிழா இரவில் உறுமி மேளக் குழு ஒன்று மேடையேறி, பக்கத்தில் ஒலிபெருக்கியும் சேர்ந்தால், மண்டபத்துக்குள் இரைச்சல் 100 டெசிபலைத் தாண்டிவிடும். அதற்கு மேல் 5 டெசிபல் என்று மணியை ஏற்றிக்கொண்டே போவது காதுக்குச் செய்யும் பாவம். இரைச்சலை இறக்குவதே வழி. பேனலில் உபரியாக உள்ள ரிலே முனையிலிருந்து வயர் இழுத்து, மேடைப் பிளக்குகளுக்கு மின்சாரம் தரும் கான்டாக்டரோடு இணைத்தால், அலாரம் விழுந்ததும் ஒலிபெருக்கி தானாக அடங்கும். மண்டப விளக்குகள் மட்டும் அந்த இணைப்பில் வரக் கூடாது; இருட்டில் ஐந்நூறு பேர் வாசலைத் தேட வேண்டியிருக்கும். மேளத்துக்குப் பிளக் கிடையாது என்பதும் உண்மைதான். அதனால் மேடைக்கு எதிரே, மேளக்காரர் நிமிர்ந்தால் கண்ணில் படும் இடத்தில் ஒரு மின்னும் விளக்கு. விழா நாளில் ஆலய நிர்வாகத்திலிருந்து ஒருவர் மேடையோரம் நின்று மேளத்தை நிறுத்தும் பொறுப்பை ஏற்க வேண்டும்.

தமிழ்ப்பள்ளிகளில் சிக்கல் வேறு. பாடவேளைக்கும் ஓய்வு நேரத்துக்கும் அடிக்கும் மணியும் தீ மணியும் ஒரே மாதிரி இருந்தால், தீ மணி கேட்டதும் பிள்ளைகள் சிற்றுண்டிச் சாலைக்கு ஓடுவார்கள். பாடவேளை மணியை வேறு ஓசைக்கு மாற்றுங்கள். தீ மணியை மாற்றாதீர்கள். பல பள்ளிகள் தனித்தனிக் கட்டிடங்களாகப் பரவிக் கிடக்கின்றன. பாலர் வகுப்பு பெரும்பாலும் எல்லாவற்றுக்கும் பின்னால் இருக்கும். ஒவ்வொரு கட்டிடத்துக்கும் குறைந்தது ஒரு மணி, பாலர் வகுப்புக் கட்டிடத்துக்குத் தனியாக ஒன்று. கட்டிடத்துக்குக் கட்டிடம் வெளியில் இழுத்த வயர் வழியாக இடி தாக்கி பேனல் பலகை கருகிப்போவது நம் பக்கத்தில் அடிக்கடி நடப்பது. அந்த வயர் நுழையும் இடத்தில் இடித்தடுப்பானைப் போடச் சொல்லுங்கள்.

இனி வயர். குத்தகையாளர் எதைச் சரியாகச் செய்கிறார், எதைக் கண்துடைப்பாகச் செய்கிறார் என்பது இங்கேதான் தெரியும்.

சாதாரண நேரத்தில் பேனல் மணி வயரில் மிகச் சிறிய மின்னோட்டத்தைத் தலைகீழாக ஓடவிடும். ஒவ்வொரு மணிக்குள்ளும் உள்ள டையோடு அதைத் தடுப்பதால் மணி பேசாமல் இருக்கும். மின்னோட்டம் வயரின் கடைசி முனையில் உள்ள ரெசிஸ்டர் வழியாகத் திரும்பி வரும். வந்துகொண்டிருக்கும்வரை வயர் முழுசாக இருக்கிறது என்று பேனல் அறியும். தீ என்றதும் பேனல் முனைகளை மாற்றும், டையோடு வழிவிடும், மணி அடிக்கும். எளிமையான, அழகான ஏற்பாடு. இதைக் கெடுக்க இரண்டு வழிகள் உண்டு, இரண்டும் பரவலாக நடக்கின்றன. ஒன்று, அந்த ரெசிஸ்டரைக் கடைசி மணியில் போடாமல் பேனலுக்குள்ளேயே முனையில் முறுக்கிவிடுவது. அப்படிச் செய்தால் வெளியே வயரை எலி கடித்தாலும், யாராவது அறுத்தாலும், பேனலில் பச்சை விளக்கு சாந்தமாக எரியும். மற்றொன்று, நடுவழியில் வயரைக் கிளை பிரிப்பது. கிளையில் தொங்கும் மணியைப் பேனல் கண்காணிப்பதே இல்லை. ஒரு மணியிலிருந்து அடுத்த மணி, அதிலிருந்து அடுத்தது என்று வரிசையாகப் போய்க் கடைசியில் ரெசிஸ்டர்: அதுதான் முறை.

கண்டுபிடிக்க மீட்டர் தேவையில்லை. ஏணி போட்டுக் கடைசி மணியைக் கழற்றச் சொல்லுங்கள். உள்ளே வண்ணக் கோடுகள் போட்ட சிறிய ரெசிஸ்டர் முனைகளுக்குக் குறுக்கே இருக்கிறதா பாருங்கள். பிறகு ஒரு வயரைக் கழற்றச் சொல்லிவிட்டுப் பேனலைப் பாருங்கள்: சில நொடிகளில் மஞ்சள் விளக்கு எரிந்து பஸ்ஸர் கத்த வேண்டும். கத்தவில்லையென்றால் பணம் கொடுக்காதீர்கள். கழற்றிய கையோடு மணிக் கிண்ணத்தின் உட்புறத்தையும் பார்த்துவிடுங்கள். செம்பனைக் காட்டை ஒட்டிய கட்டிடங்களில் அதற்குள் குளவி மண்கூடு கட்டியிருக்கும், பல்லி முட்டை இரண்டு ஒட்டியிருக்கும், எறும்பு சாரை போயிருக்கும். சுத்தியல் நகர இடமில்லாமல் மண்கூடு அடைத்த மணி, மின்சாரம் வந்தாலும் ‘டக்’ என்ற ஒற்றைச் சத்தத்தோடு நின்றுவிடும். பேனல் இதையும் அறியாது. வயர் நன்றாகத்தானே இருக்கிறது.

சிறிய கட்டிடமானாலும் மணிகளை இரண்டு சுற்றுகளாகப் பிரியுங்கள். ஒரு சுற்றில் வயர் அறுந்தாலோ ஒட்டிக்கொண்டாலோ மற்றது அடிக்கும். வயரும் தீயைத் தாங்கும் சிவப்பு வயராக இருக்க வேண்டும். எரியும் நேரத்தில்தான் அதற்கு வேலை.

வயரின் தடிமனையும் கணக்குப் பாருங்கள். விளக்கோடு சேர்ந்த ஒலிப்பான் ஒன்று 80 மில்லியாம்ப் இழுப்பதாகக் கொண்டால், பத்துக்கு 0.8 ஆம்ப். 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரின் தடை, போக வர, கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 24 ஓம். 120 மீட்டருக்கு 2.9 ஓம். எல்லாம் கடைசி முனையில் இருப்பதாக வைத்துக்கொண்டால் 2.3 வோல்ட் வழியிலேயே போய்விடும். மின்சாரம் துண்டிக்கப்பட்டு பேட்டரி 21 வோல்ட்டுக்கு இறங்கிய நேரத்தில், கடைசி ஒலிப்பானுக்குக் கிடைப்பது 18.7. அதன் தாளில் குறைந்தபட்சம் 18 என்றிருந்தால் தப்பித்தோம். இதே இடத்தில் 1 சதுர மில்லிமீட்டர் வயர் இழுத்திருந்தால் 17.5, கடைசி அறையில் ஒலி திணறும். பகலில், நல்ல மின்சாரத்தில் சோதித்தால் இது வெளியே தெரியாது.

பேட்டரிக்கு 24 மணி நேரம் காத்திருப்பு, அதன்பின் அரை மணி நேரம் ஒலிப்பு என்று கணக்கு. பேனல் சும்மா இருக்கும்போது 80 மில்லியாம்ப் என்றால் 24 மணி நேரத்துக்கு 1.92 ஆம்ப்-மணி. ஒலிக்கும்போது மொத்தம் 1 ஆம்ப் என்றால் அரை மணிக்கு 0.5. கூட்டினால் 2.42, நான்கில் ஒரு பங்கு கூடுதலாகச் சேர்த்தால் ஏறக்குறைய 3. கடையில் கிடைக்கும் 12 வோல்ட் 7 ஆம்ப்-மணி பேட்டரி இரண்டைத் தொடராக இணைத்தால் தாராளம். ஆனால் அடுப்படிச் சூட்டில் இருக்கும் பேட்டரி சீக்கிரம் செத்துப்போகும்; வெப்பநிலை 10 டிகிரி ஏறினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். வாங்கிய மாதத்தை மார்க்கர் பேனாவால் அதன் மேலேயே எழுதிவையுங்கள்.

வாரம் ஒருமுறை, ஒரே கிழமை, ஒரே நேரம், ஒவ்வொரு வாரமும் வேறு வேறு பிரேக் கிளாஸில் சோதியுங்கள். மணியடிக்கும்போது பேனலருகே நிற்காதீர்கள். ஒருவர் சாவியோடு அங்கே இருக்கட்டும்; நீங்கள் மாடிப் பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்தி, காற்றாடியைப் போட்டு, கட்டிலில் தலை வைக்கும் இடத்தில் காதை வையுங்கள். கைப்பேசியில் டெசிபல் அளக்கும் செயலிகள் உண்டு. துல்லியம் போதாது, ஆனால் 57-க்கும் 75-க்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்டிவிடும். வேலை முடித்து ஒப்படைக்கும்போது மட்டும் குத்தகையாளரிடம் முறையான கருவியில் அளந்த எண்களை அறைவாரியாகத் தாளில் எழுதி வாங்குங்கள். ‘எல்லாம் ஓகே’ என்று எழுதிய தாளுக்கு மதிப்பில்லை.

மணி கேட்டால் பொம்பா வந்துவிடும் என்று நம்புகிறவர்கள் நிறைய. சிறிய கட்டிடத்தில் மணிக்கும் தீயணைப்பு நிலையத்துக்கும் பொதுவாக இணைப்பு இருப்பதில்லை. 999-ஐ ஒருவர் அழைத்தாக வேண்டும். யார் என்பதை முன்கூட்டியே பெயர் சொல்லி முடிவு செய்து பேனல் பக்கத்தில் ஒட்டிவையுங்கள். கட்டிடத்தின் முழு முகவரியும் அதே தாளில் இருக்கட்டும். பதற்றத்தில் கடை எண் வாயில் வராது.

ராஜா மூசா பக்கம் கரிமண் காடு எரிந்து புகைமூட்டம் இறங்கும் மாதங்களில் புகை உணர்வான்கள் சும்மா சும்மா அடித்துத் தொல்லை கொடுக்கும். அப்போது ஆள் செய்யும் முதல் வேலை, மணி வயரைப் பிடுங்கிவிடுவது. பிடுங்கியது பிடுங்கியபடியே அடுத்த தீபாவளி வரை கிடக்கும். தொல்லை தரும் ஸோனை மட்டும் பேனலில் முடக்கி, தேதியையும் கையெழுத்தையும் பதிவேட்டில் போட்டு, உணர்வானைத் துப்புரவு செய்ய ஆளைக் கூப்பிடுங்கள். மணிச் சுற்றையே முடக்கவேண்டிய நிலை வந்து, அன்றிரவு விடுதியில் ஆட்கள் தூங்குவதாக இருந்தால், ஒருவர் விடிய விடிய விழித்திருக்க வேண்டும். அவர் கையில் ஒரு கைமணி, அறைகளைச் சுற்றிவரும் நேரம் குறிக்க ஒரு தாள், விழித்திருப்பதற்குக் கூலியாக முதலாளி தரும் ஒரு நாள் சம்பளம்.